டிரைவர் கோடில் ஹெல்ப்பர் ஃபங்ஷன்களைச் சீரமைப்பது: லினக்ஸ் கெர்னலுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு டிரைவர் ஃபைலைத் திறக்கிறீர்கள். சாதனம் தயாராகும்வரை காத்திருக்கும் லூப் அதில் நான்கு இடங்களில் இருக்கிறது. பார்த்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. ஒரு ஹெல்ப்பர், அதாவது பொதுவான சிறு ஃபங்ஷன், எழுதி நான்கையும் அதற்குள் தள்ளிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். புதிதாக வருபவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அந்த நான்கும் ஒன்றல்ல. முதலாவது ப்ரோப் நேரத்தில், அதாவது டிரைவர் சாதனத்தோடு இணையும்போது, ஓடுகிறது: நூறு தடவை சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் ‘எம்ஸ்லீப்’ போட்டு 1 மில்லிசெகண்ட் தூங்குகிறது. இரண்டாவது, சாதனம் கூப்பிடும்போது ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் இருக்கிறது. அங்கே தூங்கவே கூடாது, சிபியூவை விடாமல் காத்திருக்கும் ‘யூடிலே’தான். மூன்றாவது ரெஸ்யூம் பாதையில், அதாவது சஸ்பெண்டிலிருந்து எழும்போது. படித்த மதிப்பில் எல்லா பிட்டும் 1 ஆக இருந்தால் உடனே வெளியேறுகிறது. நான்காவது ரிமூவ் பாதையில், அதாவது டிரைவரை இறக்கும்போது; நேரம் கடந்துபோனாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போகிறது. இந்த நான்கையும் உதாரணமாக வைத்துக்கொண்டே மேலே போவோம்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சரியான ட்ரீ, அதாவது கெர்னல் கோடின் சரியான நகல், வேண்டும். கடைசியாக வெளிவந்த கெர்னலை இறக்கி அதன்மேல் வேலை செய்யாதீர்கள். பொறுப்பாளர்களைப் பட்டியலிடும் மெயின்டெய்னர்ஸ் ஃபைலில் உங்கள் டிரைவருக்கான பகுதியில் கிட் ட்ரீயின் முகவரி இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்கள் சேரும் லினக்ஸ்-நெக்ஸ்ட். நீங்கள் சீரமைக்க நினைத்த லூப்பை வேறொருவர் போன வாரமே மாற்றியிருக்கலாம்.

சாதனம் வேண்டும், அல்லது சாதனத்தை வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மாற்றத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். கம்பைல் ஆனது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருப்பு நேரத்தையோ சாதனத்தைக் கட்டுப்படுத்தும் ரிஜிஸ்டர்களின் வரிசையையோ தொடுவது சூதாட்டம். டேட்டாஷீட்டும், கிடைத்தால் சிப்பின் தெரிந்த குறைகளைச் சொல்லும் எர்ராட்டா பட்டியலும் பக்கத்திலேயே திறந்திருக்கட்டும்.

சோதனைக்கென்று தனி கெர்னல் கான்ஃபிக் வேண்டும். லாக் பிடிப்பதில் வரும் தவறுகளைக் காட்டும் லாக்டெப் சோதனை, தூங்கக்கூடாத இடத்தில் தூங்கினால் கத்தும் ‘டீபக் அட்டாமிக் ஸ்லீப்’, நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேசான் ஆகிய மூன்றும் அதில் ஆன் ஆகியிருக்க வேண்டும். கெர்னல் மெதுவாகத்தான் ஓடும், பரவாயில்லை.

அப்புறம், எல்லோரும் மறப்பது: ஒரு வரியைக்கூடத் தொடும் முன் பழைய நிலையைப் பதிவு செய்யுங்கள். கூடுதல் எச்சரிக்கைகளைக் காட்டும் ‘டபிள்யூ=1’ போட்டு பில்ட் செய்து எச்சரிக்கைகளைச் சேமியுங்கள். மாட்யூலை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, சஸ்பெண்ட் செய்து எழுப்பி, அந்தக் கெர்னல் லாகையும் சேமியுங்கள். பின்னால் ஒரு எச்சரிக்கை வந்தால் அது உங்களுடையதா, ஏற்கெனவே இருந்ததா என்று தெரிய வேறு வழியில்லை.

## 2. நகல்களைத் தேடுங்கள், வித்தியாசங்களை எழுதுங்கள்

மொத்த வேலையில் பாதி நேரம் இதற்குப் போக வேண்டும். போகவில்லையென்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

‘கிட் கிரெப்’ மூலம் எல்லா நகல்களையும் கண்டுபிடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் எழுதுங்கள்: யார் கூப்பிடுகிறார்கள், எந்த லாக் பிடித்திருக்கிறது, தூங்கலாமா, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, ரிஜிஸ்டரை எந்த ஃபங்ஷனால் படிக்கிறது, தோற்றால் எந்தப் பிழை எண், அந்த எண்ணைக் கூப்பிட்டவர் என்ன செய்கிறார். கூப்பிடுபவர் ஒரு படியோடு நிற்கமாட்டார். மூன்று படி மேலே யாரோ ஸ்பின்லாக் (பிடித்திருக்கும்போது தூங்கக்கூடாத லாக்) பிடித்திருப்பார். ஃபங்ஷன் பாயின்டர் வழியாக வந்திருந்தால் கிரெப்பில் தெரியாது. ஆகவே சப்சிஸ்டம் அந்தப் பாயின்டரை எந்தச் சூழலில் கூப்பிடுகிறது என்று மேல்கோடில் போய்ப் பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ‘கிட் பிளேம்’ போட்டு, அந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று படியுங்கள். மூன்றாவது லூப்பில் இருக்கும் ‘எல்லா பிட்டும் 1’ சோதனை சும்மா வந்திருக்காது. பிசிஐ சாதனம் பஸ்ஸிலிருந்து காணாமல் போனால் படிக்கும் மதிப்பு அப்படித்தான் வரும். ‘தயார்’ பிட் 1 ஆகும்வரை காத்திருக்கும் லூப், செத்த சாதனத்தைப் பார்த்து ‘தயார்’ என்று சொல்லிவிடும். யாரோ ஒருவர் அடிபட்டுத்தான் அந்தச் சோதனையைச் சேர்த்திருப்பார். ஹெல்ப்பர் எழுதும்போது ‘மற்ற மூன்றிலும் இல்லையே’ என்று அதைக் கழித்துவிட்டால், அடுத்து அடிபடுவது உங்கள் டிரைவரைப் பயன்படுத்துபவர்.

முதல் லூப்பில் ஒளிந்திருக்கும் சங்கதி இன்னும் நுட்பமானது. நூறு சுற்று, சுற்றுக்கு 1 மில்லிசெகண்ட். ஆக மொத்தம் 100 மில்லிசெகண்ட் என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள். ஆனால் ‘எம்ஸ்லீப்’ கெர்னலின் கடிகாரத் துடிப்பான டிக் கணக்கில் ஓடுவது. ஒரு செகண்டில் எத்தனை டிக் என்று சொல்லும் ஹெச்இசட் மதிப்பை 100 என்று அமைத்த கெர்னலில் ஒரு டிக் 10 மில்லிசெகண்ட்; அங்கே ‘எம்ஸ்லீப் 1’ 10 முதல் 20 மில்லிசெகண்ட் வரை தூங்கும். அப்படியென்றால் அந்த லூப் நிஜத்தில் ஒரு செகண்டிலிருந்து இரண்டு செகண்ட் வரை பொறுமையாக இருந்திருக்கிறது. நீங்கள் அதைத் துல்லியமான 100 மில்லிசெகண்ட் டைம்அவுட்டாக மாற்றினால், 300 மில்லிசெகண்ட் எடுக்கும் சாதனம் ஒன்று அன்றிலிருந்து வேலை செய்யாது.

நான் ஒருமுறை இதே தவறைச் செய்தேன். என் மேஜையில் இருந்த போர்டில் எல்லாம் சரியாகவே ஓடியது. பழைய ரிவிஷன் சிப் வைத்திருந்த ஒருவரிடம் ப்ரோப் தோற்றது. நான்கு வரியைச் சுருக்கிய பேட்ச்சுக்கு இரண்டு வாரம் விசாரணை. அதற்குப் பிறகுதான் இந்தத் தாளில் எழுதும் பழக்கம் வந்தது.

## 3. கண்ணில் பட்ட பிழைகளை முதலில் திருத்துங்கள்

தாளில் எழுதும்போதே சில பிழைகள் தெரியவரும். நெகட்டிவ் பிழை எண்ணை, நெகட்டிவ் மதிப்பே வைக்க முடியாத ‘யூ32’ வகை மாறியில் வாங்கி, அது பூஜ்யத்தைவிடச் சிறியதா என்று கேட்கும் கோடு சர்வ சாதாரணம்; அந்தக் கேள்விக்கு என்றுமே ‘ஆம்’ வராது. வெறும் மைனஸ் 1 திருப்பி அனுப்புவதும் அப்படித்தான். கெர்னலில் அதற்கு ‘அனுமதி இல்லை’ என்று பொருள்.

இவற்றைச் சீரமைப்போடு கலக்காதீர்கள். தனித்தனிப் பேட்ச்களாக, தொடரின் தொடக்கத்தில் வையுங்கள். பிழை நுழைந்த கமிட்டின் முதல் 12 எழுத்துகளோடு ‘ஃபிக்ஸஸ்’ வரியும் இருக்கட்டும். காரணம் எளிது: ஸ்டேபிள் கெர்னல்களுக்குத் திருத்தம் மட்டும் போகும், சீரமைப்பு போகாது. திருத்தம் சீரமைப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் பழைய கெர்னலில் அது ஒட்டாது.

நான்காவது லூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரிமூவ் பாதையில் டைம்அவுட்டைக் கண்டுகொள்ளாமல் போவது பிழைபோலத் தெரியும். பெரும்பாலும் பிழையல்ல, இறக்கும் நேரத்தில் சாதனம் பதில் சொல்லாவிட்டாலும் நினைவகத்தை விடுவித்துத்தானே ஆக வேண்டும். அங்கே பிழையைத் திருப்பி அனுப்பிப் பாதியில் நிறுத்தினால்தான் நிஜப் பிழை உருவாகும்.

## 4. கெர்னலிலேயே அந்த ஹெல்ப்பர் இருக்கிறதா என்று பாருங்கள்

காத்திருக்கும் லூப்புக்கு ‘ரீட்எல்-போல்-டைம்அவுட்’ இருக்கிறது. தூங்கக்கூடாத இடத்துக்கு அதன் ‘அட்டாமிக்’ வகை. பிட் புலங்களைப் பிரிக்கவும் சேர்க்கவும் ‘ஃபீல்ட்-கெட்’, ‘ஃபீல்ட்-ப்ரெப்’. ப்ரோப் பிழையை லாகில் எழுத ‘டெவ்-எர்-ப்ரோப்’. இது ப்ரோப்-டிஃபர் (தேவையான இன்னொன்று தயாராகவில்லை, பிறகு முயலலாம் என்ற பதில்) வந்தால் பிழைச் செய்தியாகக் கத்தாமல், காரணத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். சொந்தமாக எழுதியதைவிட இவை பல கண்கள் பார்த்தவை.

எடுத்துக்காட்டாக, ‘ரீட்எல்-போல்-டைம்அவுட்’ நேரம் முடிந்த பிறகும் ஒருமுறை ரிஜிஸ்டரைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தோல்வி என்று சொல்லும். கையால் எழுதிய லூப்களில் பல இதைச் செய்வதில்லை. கடைசிப் படிப்புக்கும் நேரச் சோதனைக்கும் நடுவில் சிபியூ வேறு வேலைக்குப் போய்த் திரும்பினால், சாதனம் தயாராக இருந்தும் டைம்அவுட் என்று சொல்லிவிடும்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்த மேக்ரோவில் இடைவெளியும் மொத்த நேரமும் மைக்ரோசெகண்டில். பழைய லூப் மில்லிசெகண்டில் இருந்திருக்கும். மூன்று பூஜ்யம் விட்டுப்போன பேட்ச்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து, அது மைனஸ் 110, அதாவது ‘டைம்அவுட்’ எண்ணைத் திருப்பும். பழைய கோடு மைனஸ் 5 திருப்பியிருந்தால், அந்த எண் ஐஆக்டில் அழைப்பு வழியாகப் பயனர் நிரல்வரை போகிறதா என்று பாருங்கள். போகிறதென்றால் மாற்றக் கூடாது. உங்கள் ஹெல்ப்பரில் பழைய எண்ணையே திருப்புங்கள்.

## 5. ஹெல்ப்பரின் வடிவத்தைத் தீர்மானியுங்கள்

நான்கு லூப்புக்கும் ஒரே ஹெல்ப்பர் எழுத முயன்றால் இப்படி முடியும்: ஒரு சாதனப் பாயின்டர், ஒரு டைம்அவுட், ‘தூங்கலாமா’ என்று ஒரு பூலியன், ‘செத்துவிட்டதா என்று பார்க்கவா’ என்று இன்னொரு பூலியன். கூப்பிடும் இடத்தில் ‘உண்மை, பொய்’ என்று இரண்டு வார்த்தை நிற்கும். எது எதற்கு என்று யாருக்கும் புரியாது. பழைய நான்கு நகல்களே இதைவிட மேல்.

என் தேர்வு இரண்டு ஹெல்ப்பர்கள்: தூங்கும் ஒன்று, தூங்காத ஒன்று. சாதனம் செத்துவிட்டதா என்ற சோதனை இரண்டிலும் எப்போதும் இருக்கட்டும். டைம்அவுட் மட்டும் பேராமீட்டர். ரிமூவ் பாதை தூங்கும் ஹெல்ப்பரைக் கூப்பிட்டு, வரும் பிழையை ஒரு எச்சரிக்கையாக லாகில் எழுதிவிட்டுத் தொடரட்டும். இதில் செத்த சாதனச் சோதனை மூன்று இடங்களுக்குப் புதிதாகச் சேர்கிறது. ஆகவே அது நடத்தை மாற்றம்; தனிப் பேட்ச், தனி விளக்கம்.

பெயருக்கு முன்னால் டிரைவரின் பெயர் வர வேண்டும். ‘வெயிட்-ரெடி’ என்று மொட்டையாக வைத்தால், நாளை யாராவது ஒரு பொதுத் தலைப்பு ஃபைலில் அதே பெயரைச் சேர்க்கும்போது உங்கள் டிரைவர் பில்ட் ஆகாது. தூங்காத வகையின் பெயரில் ‘அட்டாமிக்’ என்று இருக்கட்டும். பெயரைப் பார்த்தே சூழல் தெரிய வேண்டும். லாக் பிடித்தபிறகுதான் கூப்பிட வேண்டும் என்றால், கமென்ட் எழுதுவதோடு நிற்காமல் ‘லாக்டெப்-அசெர்ட்-ஹெல்ட்’ போடுங்கள். கமென்ட்டை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை.

சி ஃபைலுக்குள் இருக்கும் ஹெல்ப்பருக்கு ‘ஸ்டாட்டிக்’ போதும். ‘இன்லைன்’ எழுத வேண்டாம், அதைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும்.

## 6. நகர்த்துவது ஒரு பேட்ச், மாற்றுவது வேறு பேட்ச்

ஃபங்ஷனை இடம் மாற்றும் பேட்ச்சில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. ‘கிட் டிஃப்’ கட்டளையின் ‘கலர்-மூவ்ட்’ வசதி நகர்ந்த வரிகளைத் தனி நிறத்தில் காட்டும். உங்கள் பேட்ச்சை அதில் பாருங்கள். வேறு நிறத்தில் ஒரு வரி தெரிந்தால் அங்கே ஏதோ மாறியிருக்கிறது. ரிவியூ செய்பவரும் இதைத்தான் செய்வார். நகர்த்தும்போதே ஒரு மாறியின் பெயரை மாற்றினால் அவர் இருநூறு வரியையும் கண்ணால் ஒப்பிட வேண்டும்.

ஹெல்ப்பரை முதல் பேட்ச்சில் மட்டும் சேர்த்து, பயன்பாட்டை அடுத்த பேட்ச்சில் வைப்பது அழகாகத் தெரியும். ஆனால் பயன்படாத ஸ்டாட்டிக் ஃபங்ஷனுக்குக் கம்பைலர் எச்சரிக்கை கொடுக்கும். எச்சரிக்கையைப் பிழையாக எடுக்கும் கான்ஃபிக்கில் பில்டே நிற்கும். ஆகவே ஹெல்ப்பரும் அதன் முதல் பயன்பாடும் ஒரே பேட்ச்சில் வர வேண்டும். மற்ற இடங்கள் ஒவ்வொன்றாக அப்புறம்.

ஒவ்வொன்றாக என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ரெஸ்யூம் உடைந்தால் ஒருவர் பைசெக்ட் செய்வார், அதாவது கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்து, உடைத்த கமிட்டைத் தேடுவார். நான்கு இடமும் ஒரே கமிட்டில் இருந்தால் பைசெக்ட் அந்தக் கமிட்டோடு நின்றுவிடும். தனித்தனியாக இருந்தால் ரெஸ்யூம் பேட்ச்சையே கைகாட்டும். அதை மட்டும் திரும்ப எடுத்துவிடலாம்.

இதே மாற்றத்தை ஐம்பது டிரைவர்களில் செய்ய வேண்டுமென்றால் விதி எழுதிக் கொடுத்தால் கோடை மாற்றித் தரும் காக்ஸினெல் கருவியைப் பயன்படுத்துங்கள். அதன் விதியை கமிட் செய்தியில் சேர்த்துவிட்டால் மற்றவர்களும் ஓட்டிச் சரிபார்க்கலாம். பல டிரைவர்களுக்கான பொது ஹெல்ப்பரைத் தனி மாட்யூலாக வைத்தால், கெர்னலின் கான்ஃபிக் தேர்வுகளை எழுதும் கேகான்ஃபிக்கில் அதற்குப் பயனர் பார்க்கும் கேள்வி வேண்டாம். டிரைவர்களே ‘செலக்ட்’ செய்யட்டும். ‘செலக்ட்’ அந்த மாட்யூலின் சார்புகளைப் பார்க்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

## 7. ரிஜிஸ்டர் ஹெல்ப்பர்களில் தனிக் கவனம்

‘படி, பிட்டை மாற்று, திரும்ப எழுது’ என்று ஒரு அப்டேட் ஹெல்ப்பர் எழுதாதவர் கிடையாது. சாதாரண ரிஜிஸ்டருக்கு அது சரி. ஆனால் இன்டரப்ட் நிலை ரிஜிஸ்டர்கள் பலவற்றில் 1 எழுதினால் அந்தப் பிட் அழியும். மூன்று இன்டரப்ட்கள் காத்திருக்கும்போது ஒன்றை அழிக்க இந்த ஹெல்ப்பரைக் கூப்பிட்டால், மற்ற இரண்டும் 1 ஆகப் படிக்கப்பட்டு 1 ஆகவே எழுதப்பட்டு, சேர்ந்தே அழியும். இன்டரப்ட் எப்போதாவது காணாமல் போகும். காரணம் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும். படித்தாலே அழியும் ரிஜிஸ்டர்களும் உண்டு. அங்கே லாகில் எழுதுவதற்காகக் கூடுதலாக ஒரு தடவை படிப்பதுகூட ஆபத்து.

இந்த ஹெல்ப்பருக்குள் லாக்கும் வேண்டும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்டரப்ட் ஹேண்ட்லர் அதே ரிஜிஸ்டரை மாற்றினால் அந்த மாற்றம் தொலைந்துவிடும்.

எழுதியவுடனே அதே சாதனத்திலிருந்து ஒன்றைப் படித்து, மதிப்பைத் தூக்கிப்போடும் வரியைப் பார்த்தால் அழிக்காதீர்கள். பிசிஐ பஸ்ஸில் எழுதியவை வழியில் தேங்கி நிற்கலாம். அந்தப் படிப்புதான் அவற்றைச் சாதனம்வரை தள்ளிவிடுகிறது. ரீசெட் பிட்டை எழுதிவிட்டு ‘யூடிலே’ போடும் இடத்தில் இந்தப் படிப்பு போய்விட்டால், எழுதியது சாதனத்தைச் சேரும் முன்னரே காத்திருப்பு முடிந்துவிடும்.

ரிஜிஸ்டரில் எழுதும் ஃபங்ஷன்களில் ‘ரிலாக்ஸ்ட்’ வகைகளையும் சாதாரண ‘ரைட்எல்’ வகையையும் ஒரே ஹெல்ப்பரில் கலக்கும்போது எச்சரிக்கை வேண்டும். நினைவகத்தில் டிஎம்ஏ (சாதனமே நேரடியாக நினைவகத்தைத் தொடுவது) விவரத்தை எழுதிவிட்டு, சாதனத்துக்கு ‘வேலை இருக்கிறது’ என்று சொல்லும் டோர்பெல் ரிஜிஸ்டரைத் தட்டும் இடத்தில், நினைவகத்தில் முன்பு எழுதியவை முடிந்திருக்க வேண்டும் என்ற உத்தரவாதம் ‘ரைட்எல்’லில் உண்டு, ‘ரிலாக்ஸ்ட்’டில் இல்லை. எக்ஸ்86 இயந்திரத்தில் இந்தத் தவறு வெளியே தெரியாமலே ஓடும். ஆர்ம் இயந்திரத்தில் கடிக்கும்.

## 8. ப்ரோப், ரிமூவ் பாதைகள்

வாங்கிய வளத்தைத் தானாக விடுவிக்கும் ‘டெவ்எம்’ வகை ஃபங்ஷன்களுக்கு மாறினால், பிழை வந்தால் குதிக்கும் ‘கோ-டூ’ லேபிள்கள் குறையும், உண்மைதான். ஆனால் டெவ்எம் வளங்கள் விடுவிக்கப்படுவது ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகு. இன்டரப்ட்டை மட்டும் டெவ்எம்முக்கு மாற்றி, க்ளாக்கைப் பழைய முறையில் ரிமூவுக்குள் நிறுத்தினால் என்ன ஆகும்? க்ளாக் நின்ற பிறகும் இன்டரப்ட் ஹேண்ட்லர் உயிரோடு இருக்கும். ஒரு இன்டரப்ட் வந்தால் க்ளாக் இல்லாத ரிஜிஸ்டரைத் தொடும். சில சிப்களில் இயந்திரமே உறைந்துவிடும்.

விதி இதுதான்: ப்ரோப்பில் மேலிருந்து கீழாக மாற்றுங்கள். முதலில் வாங்கும் வளத்தை முதலில் டெவ்எம் ஆக்குங்கள். நடுவில் ஒன்று மாற்ற முடியாததாக இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், அதற்குக் கீழே தொடாதீர்கள்.

## 9. ஒவ்வொரு பேட்ச்சையும் தனியாகச் சோதியுங்கள்

‘கிட் ரீபேஸ்’ கட்டளையில் ‘எக்ஸெக்’ வசதி இருக்கிறது. ஒவ்வொரு கமிட்டிலும் நின்று பில்ட் செய்து, உடைந்த இடத்தில் நிறுத்தும். ஒரு 32 பிட் கட்டமைப்புக்கும் சேர்த்து பில்ட் செய்யுங்கள். 64 பிட் எண்ணை வகுக்கும் வரி அங்கேதான் லிங்க் ஆகாமல் நிற்கும்.

நடத்தை மாறவில்லை என்று சொல்லும் பேட்ச்சுக்கு, முன்னும் பின்னும் கம்பைல் ஆன ஃபைலின் ‘ஆப்ஜ்டம்ப்’ எடுத்து ஒப்பிடுங்கள். ஃபைலை அப்படியே ஒப்பிட்டால் வரி எண்கள் மாறியதால் வித்தியாசம் காட்டும். அசெம்பிளியை மட்டும் பாருங்கள். ‘ஸ்பார்ஸ்’ கருவியை ‘சி=1’ போட்டு ஓட்டுங்கள்; ஐஓ பாயின்டரை ஹெல்ப்பருக்குச் சாதாரணப் பாயின்டராக அனுப்பியிருந்தால் சொல்லிவிடும்.

இயந்திரத்தில் ஓட்டும்போது வெற்றிப் பாதை மட்டும் போதாது. ஹெல்ப்பர் எப்போதும் டைம்அவுட் பிழையையே திருப்பும்படி தற்காலிகமாக மாற்றி, தோல்விப் பாதை ஒழுங்காகத் திரும்புகிறதா என்று பாருங்கள். சாதனங்களை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் வழியாக டிரைவரைச் சாதனத்திலிருந்து பிரித்து, மறுபடி இணைத்து, அதாவது அன்பைண்ட், பைண்ட் என்று, நூறு தடவை சுற்றுங்கள். லாக்டெப் ஒருமுறை புகார் சொன்னபின் தன்னையே அணைத்துக்கொள்ளும். முதல் புகாரைத் திருத்தி, ரீபூட் செய்து, மறுபடி ஓட்டுங்கள்.

## 10. அனுப்புவது

பேட்ச்சின் நடையைச் சோதிக்கும் ‘செக்பேட்ச்’ ஓட்டுங்கள். ஆனால் அது சொன்னதற்காகத் தொடர்பில்லாத வரிகளைத் தொடாதீர்கள். யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை ‘கெட்-மெயின்டெய்னர்’ ஸ்கிரிப்ட் சொல்லும். நெட்வொர்க் டிரைவர் என்றால் ஒரு விஷயம்: வேறு வேலையின் பகுதியாக இல்லாத வெறும் சீரமைப்புப் பேட்ச்களை அந்த சப்சிஸ்டம் ஊக்குவிப்பதில்லை என்று கெர்னல் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். புதிய வசதி ஒன்றைச் சேர்க்கும் தொடரின் தொடக்கத்தில் சீரமைப்பை வைத்தால் கதவு திறக்கும்.

தொடர் நீளமாகிவிட்டால் பதினைந்து பேட்ச் அளவில் வெட்டி அனுப்புங்கள். புதிய மாற்றங்களை மெயின் கெர்னலில் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும் இரண்டு வாரத்தில் சீரமைப்புப் பேட்ச் அனுப்ப வேண்டாம், அது முடிந்து ஆர்சி1 என்ற சோதனை வெளியீடு வரட்டும்.

தொடரின் முன்னுரையான கவர் லெட்டரில் எதைச் சோதித்தீர்கள் என்று எழுதுவதைவிட, எதைச் சோதிக்கவில்லை என்று எழுதுவது முக்கியம். ‘ரெஸ்யூம் பாதையை இந்த ரிவிஷன் சிப்பில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன்’ என்ற ஒரு வரி இருந்தால், வேறு ரிவிஷன் வைத்திருப்பவர் தானாக முன்வந்து ஓட்டிப் பார்ப்பார். இரண்டாம் பாகத்தில் நீங்கள் எழுதிய வித்தியாசங்களின் தாளையும் சுருக்கி அங்கேயே சேர்த்துவிடுங்கள். ‘இந்த லூப்பில் மட்டும் ஏன் இரண்டு செகண்ட்’ என்ற கேள்வி எப்படியும் வரும்.

பதில் வராவிட்டால் ஒரு வாரமாவது பொறுங்கள். இரண்டாம் பதிப்பு அனுப்பும்போது என்ன மாறியது என்பதைக் கமிட் செய்தியில் எழுதாமல், ‘---’ என்ற பிரிப்பு வரிக்குக் கீழே எழுதுங்கள். பேட்ச்சைச் சேர்க்கும்போது கிட் அந்தப் பகுதியை விட்டுவிடும். ‘கிட் ரேஞ்ச்-டிஃப்’ வெளியீட்டைக் கவர் லெட்டரில் ஒட்டினால், முதல் பதிப்பைப் படித்தவர் மாறிய இடங்களை மட்டும் பார்த்துக்கொள்வார்.